64 ஜிபி நிரம்பிவிட்டது என்கிறது விட்டா. இடம் எங்கே போனது?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. கையில் சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ் விட்டா, 1000 மாடல். ஃபர்ம்வேர் 3.65, என்ஸோ என்ற நிரந்தர ஹேக் போட்டது. கேம் கார்டு துளையில், மைக்ரோஎஸ்டியை ஏற்க வைக்கும் எஸ்டி2விட்டா அடாப்டர், அதற்குள் 64 ஜிபி மைக்ரோஎஸ்டி. சோனியின் பழைய 16 ஜிபி மெமரி கார்டு அதன் துளையிலேயே சும்மா கிடக்கிறது. கன்டென்ட் மேனேஜரில் தெரிபவற்றையெல்லாம் கூட்டினால் 34 ஜிபிதான் வருகிறது. ஆனால் மிச்சம் 300 எம்பி என்கிறது. விட்டாஷெல் என்ற ஃபைல் மேனேஜருக்குள் போய் இரண்டு ஆட்டங்களை அழித்தும் எதிர்பார்த்த இடம் திரும்பவில்லை. 256 ஜிபி கார்டு வாங்கிவிடலாமா, வாங்கினால் சேவ் (ஆட்டத்தில் எட்டிய நிலையின் பதிவு) எதுவும் போகாமல் எப்படி மாற்றுவது?

வாங்கலாம் தம்பி, ஆனால் இப்போதிருக்கும் கார்டைச் சுத்தம் செய்துவிட்டு வாங்குங்கள். குப்பையோடு நகலெடுத்தால் புதுக் கார்டிலும் அதே குப்பைதான் இருக்கும். அதைவிட முக்கியம், கணக்கில் வராத இடத்துக்குக் கார்டின் பழுதும் காரணமாக இருக்கலாம். அது தெரியாமல் மாற்றினால் பழுதான ஃபைல்களும் சேர்ந்தே குடியேறும்.

முதலில் கணக்கை நேராக்கிக்கொள்வோம். 64 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பது 6,400 கோடி பைட். கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விட்டா 1024 ஆக எண்ணுகிறது. அதனால் விட்டாவின் கண்ணுக்கு அது 59.6 ஜிபி. 256 ஜிபி வாங்கினாலும் 238 தான் தெரியும். அந்த நாலரை ஜிபியை யாரும் திருடவில்லை. 59.6-இல் 34 போக, உங்களுக்குக் காணாமல் போயிருப்பது சுமார் 25 ஜிபி. இதைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் விட்டாஷெல் திறந்ததும் வரும் பட்டியலில் உள்ள பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள். யுஎக்ஸ்0 என்பது விட்டா தன் முதன்மை மெமரி கார்டு என்று நம்பும் இடம். உங்களிடம் அது மைக்ரோஎஸ்டி. யுஎம்ஏ0 இரண்டாவது சேமிப்பு. சோனி கார்டை அங்கே பொருத்தலாம். யுஆர்0 என்பது கருவிக்குள்ளேயே இருக்கும் சிறிய பகுதி. பிளக்இன்கள், ஐகான் பட்டியலின் டேட்டாபேஸ் எல்லாம் அங்கே இருக்கின்றன. இடம் வேண்டும் என்று அங்கே கை வைக்காதீர்கள். 2000 ஸ்லிம் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஐஎம்சி0 என்று 1 ஜிபி உள்சேமிப்பும் உண்டு, உங்கள் 1000-இல் அது கிடையாது.

விட்டாவுக்கான ஆட்டங்கள் யுஎக்ஸ்0-இல் இருந்தால்தான் ஓடும். மற்றவை, அதாவது பிஎஸ்பி ஐஎஸ்ஓக்கள் (பழைய பிஎஸ்பி கருவியின் ஆட்ட வட்டுகளின் நகல்கள்), ரெட்ரோஆர்க் எமுலேட்டரின் ரோம்கள், நிறுவல் தொகுப்புகளான விபிகே ஃபைல்கள், பாட்டு, படம் எதற்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இடப் பிரச்சினையில் பாதி இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது.

எதையும் அழிக்கும் முன் சேவ்களை எடுத்து வையுங்கள். முகப்புத் திரையான லைவ்ஏரியாவில் ஒரு விட்டா ஆட்டத்தின் ஐகானை அழுத்திப் பிடித்து டெலீட் கொடுத்தால், ஆட்டத்தோடு அதன் சேவ் டேட்டாவும் போய்விடும். பிஎஸ்3, பிஎஸ்4 பழக்கத்தில் இருப்பவர்கள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள். அப்பல்லோ சேவ் டூல் போட்டு ஆட்டம் ஆட்டமாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். கூடவே கார்டை ரீடரில் போட்டு, யூசர் ஃபோல்டரையும் பிஎஸ்பிஎமு ஃபோல்டருக்குள் இருக்கும் பிஎஸ்பி சேவ்டேட்டாவையும் அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். யூசர் ஃபோல்டரில் இருக்கும் விட்டா சேவ்கள் என்கிரிப்ட் ஆனவை. வேறு கருவியில் போட்டால் திறக்காது, உங்கள் கருவியில், உங்கள் அக்கவுண்டில் திரும்ப வைத்தால் வேலை செய்யும். இரண்டு வழியிலும் எடுத்து வைப்பதற்குச் சில நூறு எம்பிக்கு மேல் ஆகாது.

இனி அந்த 25 ஜிபி. விட்டாஷெல்லில் ஆட்டத்தை அழித்தும் இடம் சரியாகத் திரும்பாததற்குக் காரணம், ஒரு ஆட்டம் ஒரே ஃபோல்டரில் இருப்பதில்லை. ஆட்டம் ஆப் என்ற ஃபோல்டரில், அதன் அப்டேட் பேட்ச் ஃபோல்டரில், டிஎல்சி (கூடுதல் உள்ளடக்கம்) ஆட்கான்ட் (addcont) ஃபோல்டரில். மூன்றிலும் ஒரே ஒன்பது எழுத்துக் குறியீட்டுப் பெயர்தான் இருக்கும். ஐரோப்பியப் பதிப்புகளுக்கு அது பிசிஎஸ்பி அல்லது பிசிஎஸ்எஃப் என்று தொடங்கும். தென்னாப்பிரிக்கக் கடைகளில் விற்றவையும் பெரும்பாலும் இவையே. நீங்கள் ஆப் ஃபோல்டரில் மட்டும் அழித்திருப்பீர்கள். பேட்ச்சும் டிஎல்சியும் அநாதையாக உட்கார்ந்திருக்கும். சில ஆட்டங்களுக்கு அப்டேட்டே ஜிபிக் கணக்கில் வரும்.

அதனால் ஆப், பேட்ச், ஆட்கான்ட் மூன்றையும் கணினியில் அருகருகே திறந்து பெயர்களை ஒப்பிடுங்கள். ஆப்பில் இல்லாத பெயர் பேட்ச்சில் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள்: கார்ட்ரிட்ஜில் வாங்கிய ஆட்டங்களுக்கு ஆட்டம் கார்ட்ரிட்ஜில் இருக்கும், அப்டேட் மட்டும் மெமரி கார்டில் இருக்கும். ஆப்பில் பெயர் இல்லாவிட்டாலும் அது அநாதை இல்லை. அலமாரியில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் பெட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு அழியுங்கள். லைசென்ஸ் என்ற ஃபோல்டர் அளவில் ஒன்றுமில்லை, ஆனால் அதைத் தொட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் திறக்காமல் போகும். அதை விட்டுவிடுங்கள்.

இனிமேல் ஆட்டத்தை நீக்குவதென்றால் லைவ்ஏரியாவிலிருந்தே நீக்குங்கள், சேவ்களை எடுத்து வைத்த பிறகு. விட்டாஷெல்லில் வெட்டுவது வேகமாக இருக்கும், ஆனால் மிச்சத்தைப் பிறகு நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.

அடுத்து டேட்டா ஃபோல்டர். மாடிஃபை செய்த விட்டாவில் ஒரு ஹோம்ப்ரூ (ஆர்வலர்கள் எழுதிய நிரல்) கிராஷ் ஆகும்போதெல்லாம், நினைவகத்தில் இருந்ததை ஒரு ஃபைலாக இங்கே கொட்டிவிட்டுப் போகும். பெயர் பிஎஸ்பி2கோர் என்று தொடங்கும், பிஎஸ்பி2டிஎம்பி என்று முடியும். அடிக்கடி விழும் ஒரு போர்ட்டை (வேறு கருவியிலிருந்து விட்டாவுக்கு மாற்றிய ஆட்டத்தை) வைத்துப் பல நாள் மல்லுக்கட்டியவரின் கார்டில் இவை டஜன் கணக்கில் கிடக்கும். டெவலப்பருக்கு அனுப்பப் போவதில்லை என்றால் ஒன்று விடாமல் அழிக்கலாம், எந்த ஆட்டத்துக்கும் இவை தேவையில்லை. அதே டேட்டா ஃபோல்டரில்தான் பல போர்ட்டுகள் தங்கள் சேவ்களையும் வைத்திருக்கின்றன. எனவே ஃபோல்டரையே தூக்கிவிடாமல் இந்தப் பெயருள்ள ஃபைல்களை மட்டும் எடுங்கள்.

விபிகே ஃபைல்கள் பலருடைய கார்டில் அப்படியே தங்கியிருக்கும். நிறுவியதும் அதன் வேலை முடிந்தது, உள்ளடக்கம் ஆப் ஃபோல்டருக்குப் போய்விட்டது. இன்னொன்று, நிறுவும்போது விட்டாஷெல் அதைப் பிரித்து யுஎக்ஸ்0-இல் தற்காலிகமாக வைக்கும். 1 ஜிபி விபிகேயும் யுஎக்ஸ்0-இலேயே இருந்தால், அந்த நேரத்தில் 2 ஜிபிக்கு மேல் தேவைப்படும். மிச்சம் 300 எம்பி இருக்கும்போது நிறுவல் பாதியில் நின்று போவது இதனால்தான். சோனி கார்டை யுஎம்ஏ0 ஆக்கிய பின் விபிகேக்களை அங்கே வைத்து அங்கிருந்து நிறுவுங்கள்.

பிஜிடிஎல் என்ற ஃபோல்டரும் உண்டு. ஸ்டோரிலிருந்து இறக்கும்போது பாதியில் நின்ற டவுன்லோடுகள் அங்கே தங்கும். அறிவிப்புப் பட்டியலில் அந்த டவுன்லோடை ரத்து செய்தாலே பெரும்பாலும் போய்விடும். பட்டியல் காலியாக இருந்தும் ஃபோல்டரின் அளவு பெரிதாக இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்கலாம்.

உங்கள் 25 ஜிபியில் பெரும்பங்கு பிஎஸ்பி ஐஎஸ்ஓக்களாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பிஎஸ்பிஎமு ஃபோல்டருக்குள் ஐஎஸ்ஓ என்று இருப்பதை விட்டாவின் கன்டென்ட் மேனேஜர் அடையாளம் காண்பதில்லை. அதனால் உங்கள் 34 ஜிபிக் கணக்கில் அவை சேர்ந்திருக்காது. விட்டாஷெல்லில் அந்த ஃபோல்டர் மேல் நின்று முக்கோணப் பட்டனை அழுத்தி ப்ராப்பர்டீஸ் பாருங்கள், மொத்த அளவு வரும். பிஎஸ்பியின் ஒரு யுஎம்டி வட்டின் அதிகபட்சக் கொள்ளளவு 1.8 ஜிபி. பத்துப் பதினைந்து பெரிய ஆட்டங்கள் இருந்தாலே கணக்கு தீர்ந்துவிடும்.

இவற்றைச் சும்மா கிடக்கும் 16 ஜிபி சோனி கார்டுக்குக் கொண்டுபோங்கள். பிஎஸ்பி ஆட்டங்களை ஓட்டும் அட்ரினலினுக்குள் பிஎஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் அதன் சொந்த மெனு வரும். செட்டிங்ஸில் மெமரி ஸ்டிக் இருக்கும் இடத்தை யுஎம்ஏ0 என்று மாற்றலாம். மாற்றியதும் அட்ரினலின் சேவ்களையும் அங்கேதான் தேடும். ஐஎஸ்ஓவை மட்டும் நகர்த்தி சேவ்டேட்டாவை விட்டுவிட்டால் ஆட்டம் புதிதாகத் தொடங்கும், சேவ் அழிந்துவிட்டது என்று பதறுவீர்கள். அது பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். அதனால் ஐஎஸ்ஓ ஃபோல்டரோடு பிஎஸ்பி ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டாவையும் அதே அடுக்குமுறையில் கொண்டுபோங்கள். ஸ்டோரில் வாங்கி லைவ்ஏரியாவில் தனி ஐகானாக இருக்கும் பிஎஸ்பி ஆட்டங்கள் யுஎக்ஸ்0-இலேயே இருக்கட்டும்.

16 ஜிபி போதாது என்றால் ஐஎஸ்ஓவின் சுருக்கிய வடிவமான சிஎஸ்ஓ ஆக்கலாம். மேக்ஸ்சிஎஸ்ஓ என்ற நிரலில் கணினியில் செய்வது நல்லது. எவ்வளவு குறையும் என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. யுஎம்டியில் இடத்தை நிரப்ப வெற்று டேட்டா அடைத்திருந்த ஆட்டங்கள் பாதியாகச் சுருங்கும். வீடியோவும் குரலும் நிறைந்தவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அசையவே மாட்டா. பத்து சதவீதம் குறைவதற்காக ஒன்றை சிஎஸ்ஓ ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டத்தின் நடுவே வட்டிலிருந்து இடைவிடாமல் படிக்கும் ஆட்டங்களில் ஒலி தடுமாறும். மாற்றிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்காவது குறைந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவே இருக்கட்டும்.

ஃபைல் அளவுகளைக் கூட்டினால் குறைவாகவும் கார்டில் நிரம்பியது அதிகமாகவும் தெரிவதற்கு இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. இவைதான் அதிகம் கவனிக்கப்படாதவை.

ஒன்று, க்ளஸ்டர் அளவு, அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை விண்டோஸில் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பாக, இயல்பான அமைப்பிலேயே ஃபார்மேட் செய்தால் க்ளஸ்டர் 128 கேபி. ஒரு ஃபைல் 2 கேபியாக இருந்தாலும் 128 கேபி பிடித்துக்கொள்ளும். பெரிய ஆட்டங்களில் இது தெரியாது. ஆனால் ரெட்ரோஆர்க்கின் படங்கள், தம்ப்நெயில்கள், சில போர்ட்டுகளின் டேட்டா எல்லாம் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். அப்படி 20,000 ஃபைல் இருந்தால் சுமார் 2.4 ஜிபி போய்விடும். உண்மையான டேட்டா 40 எம்பிகூட இருக்காது. 32 கேபி க்ளஸ்டரில் அதே ஃபைல்களுக்கு 625 எம்பி போதும். கணினியில் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் அளவு, வட்டில் பிடித்த அளவு என்று இரண்டு எண் வரும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் நோய் இதுதான். பார்க்காத தம்ப்நெயில் தொகுப்புகளை அழிப்பது உடனடி மருந்து.

இரண்டு, மேக் அல்லது லினக்ஸில் கார்டைப் போட்டு அழித்திருந்தால் ஃபைல்கள் அழிவதில்லை. கார்டிலேயே மறைந்திருக்கும் ஒரு குப்பை ஃபோல்டருக்குப் போகும். விட்டாவில் அவை தெரியாது, இடம் மட்டும் போயிருக்கும். கார்டு செருகியிருக்கும்போதே ட்ராஷைக் காலி செய்யுங்கள். விண்டோஸில் ரீடர் வழியாக அழித்தால் வழக்கமாக இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, யாருக்கும் சொந்தமில்லாத க்ளஸ்டர்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களின் குறிப்பேடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்தாலோ அடாப்டர் அசைந்தாலோ கணினியில் கரண்ட் போனாலோ, இடம் ஒதுக்கப்பட்டிருக்கும், ஆனால் எந்த ஃபைலின் பெயரிலும் இருக்காது. விட்டாவில் இதைச் சரிசெய்ய வழியில்லை. சேவ்களை எடுத்துவிட்டு, விண்டோஸில் அந்த டிரைவுக்கு எரர் செக்கிங் ஓட்டுங்கள். சரிசெய்தபின் ஃபவுண்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டரும் உள்ளே சிஎச்கே என்று முடியும் ஃபைல்களும் இருக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் தெரியும். ஆட்டங்கள் ஒழுங்காக ஓடுகின்றன என்றால் அவற்றை அழித்துவிடலாம். எல்லாம் அழித்தும் மறுபடி செருகும்போது அழித்தவையெல்லாம் திரும்பி வந்து நின்றால், கார்டு ஆயுள் முடிந்து எழுத மறுக்கிறது என்று பொருள். படிக்க முடியும்போதே நகலெடுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போடுங்கள்.

இனி சோனி கார்டை யுஎம்ஏ0 ஆக்குவது. எந்தக் கார்டு எந்த இடம் என்று மாற்றியமைக்கும் யாம்ட் பிளக்இன் போட்டிருந்தால் விட்டாவின் செட்டிங்ஸில் டிவைசஸ், அதற்குள் ஸ்டோரேஜ் டிவைசஸ் போய், யுஎக்ஸ்0-க்கு எஸ்டி2விட்டா, யுஎம்ஏ0-க்கு மெமரி கார்டு என்று தேர்ந்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஸ்டோரேஜ்மேனேஜர் போட்டவர்கள் அதன் கான்ஃபிக் ஃபைலில் இதையே எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒரே வேலையை இரண்டு பிளக்இன் செய்யப் போனால் ஒரு நாள் கார்டு தெரியும், ஒரு நாள் தெரியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய சோனி கார்டில் டாய் (tai) என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். முதல்முதலில் ஹேக் செய்தபோது அது அங்கே உருவாகியிருக்கலாம். பிளக்இன் பட்டியலைத் தேடும்போது விட்டா முதலில் யுஎக்ஸ்0-இல் உள்ள டாய் ஃபோல்டரைத்தான் பார்க்கும், அங்கே இல்லாவிட்டால்தான் யுஆர்0. என்றைக்காவது எஸ்டி2விட்டா இல்லாமல் கருவியைத் திறந்தால் சோனி கார்டே யுஎக்ஸ்0 ஆகும், அதிலுள்ள பழைய பட்டியல் ஓடும், யாம்ட் ஏறாது. மைக்ரோஎஸ்டியைத் திரும்பச் செருகினாலும் கருவிக்கு அது தெரியாது. பார்ப்பவருக்கு அடாப்டர் செத்துவிட்டது போல இருக்கும். இரண்டு கார்டிலும் டாய் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, பட்டியலை யுஆர்0-இல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றும் முன் யுஆர்0-இல் உள்ள பட்டியலில் உங்கள் எல்லா பிளக்இன்களும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

இதெல்லாம் செய்தபின் உங்களுக்கு 20 ஜிபியாவது திரும்பும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் 256 ஜிபி வாங்குங்கள். யுஎச்எஸ்-2 கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த வேகத்துக்குத் தேவையான இரண்டாம் வரிசைத் தொடர்புகள் அடாப்டரில் இல்லை. சாதாரண யுஎச்எஸ்-1 கார்டு போதும். அடிமாட்டு விலைக்கு வார இறுதிச் சந்தையிலோ ஆன்லைனிலோ கிடைப்பது பெரும்பாலும் போலி. அதன் கன்ட்ரோலர் 256 என்று பொய் சொல்லும், உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். முதல் சில ஆட்டங்கள் நன்றாகவே ஓடும். எல்லை தாண்டியதும் ஃபைல் பெயர் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ஆட்டம் சி2-12828-1 என்ற பிழையோடு விழும். அந்தப் பிழை பொதுவான கிராஷுக்கும் வருவது என்பதால் ஆட்கள் ஆட்டத்தையும் பிளக்இனையும் நோண்டிக்கொண்டிருப்பார்கள், கார்டைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

எனவே வாங்கிய அன்றே, ரசீது கையில் இருக்கும்போதே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. முழுக் கார்டையும் எழுதிப் படிக்க விடுங்கள். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதவே மூன்றரை மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3 ரீடர் இருந்தால் நன்றாகக் குறையும். பொறுமை இல்லாமல் பாதியில் நிறுத்தினால் சோதித்ததாகவே கணக்கில்லை, ஏனென்றால் போலியின் குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் எழுதியதைப் படித்துப் பார்க்கும் பிற்பாதியில்தான்.

சோதனை முடிந்ததும் எக்ஸ்ஃபேட், க்ளஸ்டர் 64 கேபி என்று ஃபார்மேட் செய்யுங்கள். குட்டி ஃபைல்கள் நிறைய வைத்திருப்பவர் 32 கேபி வைக்கலாம். பழைய கார்டை இமேஜாக எடுத்துப் புதியதில் எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் 256 ஜிபி கார்டில் 64 ஜிபி பார்ட்டிஷன் மட்டும் இருக்கும், மிச்சம் கண்ணுக்கே தெரியாது. ஃபைல் ஃபைலாகவே நகலெடுக்க வேண்டும்.

நகலெடுப்பதற்கு விட்டாவின் யுஎஸ்பியோ வைஃபை எஃப்டிபியோ வேண்டாம், இரண்டும் மெதுவானவை, ரீடரைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் மறைந்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி வைத்துக்கொண்டு, பழைய கார்டிலுள்ள அனைத்தையும் முதலில் கணினிக்கு, பிறகு அங்கிருந்து புதுக் கார்டுக்கு. இந்த ஊரில் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முன்புபோல் இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் 50 ஜிபியை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். இழுத்துப் போடுவதைவிட ரோபோகாப்பி நல்லது. நடுவில் நின்றால் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டினால் போதும், முடிந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். வட்டில் பிடித்த அளவு க்ளஸ்டரால் மாறும், அதைப் பார்க்காதீர்கள். கார்டை எஜெக்ட் செய்துதான் எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

விட்டாவில் போடும்போது கருவி ஸ்லீப்பில் இருக்கக் கூடாது. பவர் பட்டனைப் பிடித்து, பவர் ஆஃப் கேட்டு, முழுதாக அணைத்துவிட்டுச் செருகுங்கள். திறந்ததும் சில ஐகான்கள் காணாமல் போயிருந்தால் விட்டாஷெல்லின் முதல் பட்டியலில் முக்கோணம் அழுத்தி ரெஃப்ரெஷ் லைவ்ஏரியா கொடுங்கள். ஆட்டத்தின் ஃபைல்கள் இருந்து ஐகான் மட்டும் போனதற்கு இதுவே போதும். சேஃப் மோடில் இருக்கும் ரீபில்ட் டேட்டாபேஸை அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் மட்டும் தொடுங்கள். அது ஃபோல்டர் வரிசைகளையெல்லாம் கலைத்துவிடும். தவிர, அந்தப் பட்டியலில் அதற்கு அடுத்த வரியே மெமரி கார்டை ஃபார்மேட் செய்வது, கை ஒரு வரி தவறினால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் போச்சு.

அடாப்டரைப் பற்றி ஒன்று. ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போது ஆட்டம் விழுவது, அவ்வப்போது கார்டு காணாமல் போவது இரண்டும் பெரும்பாலும் துளைக்குள் அடாப்டர் ஆடுவதால். மலிவான சில அடாப்டர்கள் மெல்லியதாக இருக்கும். தொடர்புப் புள்ளிகள் இல்லாத பக்கத்தில் ஒரு சுற்று செல்லோடேப் ஒட்டினால் அசைவு நின்றுவிடும். இரண்டு சுற்று ஒட்டினால் உள்ளே மாட்டிக்கொள்ளும். டர்பன் கடற்காற்றில் செம்புப் புள்ளிகள் சீக்கிரம் மங்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்ததும் போடுங்கள். அழிரப்பர் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. தூள் துளைக்குள் போய் உட்காரும், செய்யாதீர்கள்.

எதை வைப்பது, எதை நீக்குவது என்று தடுமாறினால், திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். 2021 மார்ச்சில் சோனி விட்டா ஸ்டோரை மூடப்போவதாக அறிவித்து, ஏப்ரலில் பின்வாங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 27 முதல் அங்கே கிரெடிட் கார்டும் பேபாலும் செல்லாது, வாலட்டில் இருக்கும் பணம் மட்டும்தான். நீங்கள் வாங்கியவை இன்று டவுன்லோட் லிஸ்டில் இருக்கின்றன, இறக்கலாம். ஆனால் மொபைல் டேட்டாவில் 3 ஜிபி ஆட்டத்தை இறக்கும் செலவில் ஒரு சின்னக் கார்டே வாங்கிவிடலாம். அதனால் விளையாடி முடித்த ஆட்டங்களை அழித்துவிட்டுத் திரும்ப இறக்குவதைவிட, கணினியில் ஒரு ஹார்ட் டிரைவில் ஆப், பேட்ச், ஆட்கான்ட், லைசென்ஸ் நான்கையும் சேர்த்து எடுத்து வைப்பது மேல். பழைய 64 ஜிபி கார்டை உடனே போனுக்குப் போட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். புதுக் கார்டில் எல்லா ஆட்டங்களையும் ஒருமுறையாவது திறந்து, சேவ் ஏறுகிறதா என்று பார்த்து முடிக்கும் வரை அது அப்படியே இருக்கட்டும்.